பூங்காவனத்தின் மின்கையெழுத்து

நெசவுத் தொழிலாளர் நல மின்சேவை மையத்தில் காகிதமே கிடையாது. இதை ஊராருக்குத் தெரிவிப்பதற்காக மையத்தின் சுவர்களில் நாற்பத்தொரு காகிதங்களை ஒட்டியிருந்தார்கள். ‘இது காகிதமில்லா அலுவலகம்’ என்று வாசலில் ஒன்று. ‘காகிதத்துடன் உள்ளே நுழைவது ஒழுங்கீனம்’ என்று ஜன்னலில் ஒன்று. ‘மேற்படி ஒழுங்கீனம் குறித்த விவரங்களுக்குப் பின்பக்கச் சுவரைக் காண்க’ என்று தண்ணீர்க் கேனுக்கு மேலே இன்னொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் லோகநாதன் பேனாவால் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருந்தார். அவருடைய பதவியின் பெயர் காகித ஒழிப்புப் பொறுப்பு அலுவலர்.

பூங்காவனத்தால் அந்த நாற்பத்தொன்றில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. படிக்க முடியாததால்தான் அவள் அங்கே வந்திருந்தாள்.

ஆரணி கொசப்பாளையத்தில் பூங்காவனத்தை அறியாத தறிக்காரர் கிடையாது. அவள் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று நெய்து தீர்ந்ததும், அதன் வால் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள். முடிச்சுப் போடக் கூடாது. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு முறுக்கு. பட்டு வழுக்கிக்கொண்டு போகும், சாம்பல்தான் அதைப் பிடித்துக் கொடுக்கும். முப்பது வருஷமாக இதே வேலையைச் செய்ததில் அவள் விரல் நுனிகள் மழமழவென்று ஆகிவிட்டன. ரேகை என்று ஒன்று அங்கே இருந்ததற்கான சுவடே இல்லை. சாம்பல் நிரப்பிய பழைய பவுடர் டப்பா ஒன்று எந்நேரமும் அவள் இடுப்பில் செருகியிருக்கும்.

தை மாசத்திலிருந்து அவளுக்கு ஓர் இழை இரண்டாகத் தெரிந்தது. பிறகு இரண்டும் தெரியவில்லை. பஜாரில் இருந்த கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்.

“ரெண்டு கண்லயும் புரை. அது கூடப் பரவால்லம்மா. வலது கண்ல அழுத்தம் ஏறிகினே போவுது. மூணு மாசத்துக்குள்ள வேலூர் போயி ஆபரேஷன் பண்ணிக்கணும். தள்ளிப் போட்டீங்கன்னா நரம்பு செத்துடும். அப்பறம் எந்த டாக்டராலயும் கொண்டாற முடியாது.”

நெசவுத் தொழிலாளர்களுக்கு இந்த ஆபரேஷனை இலவசமாகச் செய்ய ‘விழித்துணை’ என்று ஒரு திட்டம் இருந்தது. மையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் அனுமதி வந்துவிடும். பிரிண்ட் எடுக்க வேண்டாம், ஸ்கேன் எடுக்க வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடும் என்றார்கள். பூங்காவனத்தின் புருஷன் காத்தவராயன் தறியை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தான். ஒரு கையெழுத்துதானே, அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

“அம்மா, கையில இன்னா அது?” என்று கேட்டார் லோகநாதன்.

“டாக்டர் சீட்டுங்க.”

லோகநாதன் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வெளிய வெச்சுட்டு வாங்க. செருப்பு விடற எடத்துல ஒரு கூடை கீது பாருங்க, அதுல போடுங்க. நான் இந்த மையத்துக்கு வந்து ஒண்ணர வருஷம் ஆவுது. ஒரு பேப்பரக் கூடத் தொட்டதில்ல. எனக்கு முன்னாடி இருந்தவரு காலத்துல எழுநூறு மனு பேப்பர்ல வந்து கெடந்துச்சு. ஒண்ணக் கூட நான் பிரிச்சுப் பாக்கல. அவ்ளோ கட்டுப்பாடு. மனசு தளர்ந்து எங்கயாவது ஒண்ணப் படிச்சிருந்தன்னா இந்த மையத்தோட லட்சியமே அடிபட்டுப் போயிருக்கும்.”

காத்தவராயன் வாயைத் திறந்தவன், பூங்காவனம் முழங்கையால் இடித்ததும் மூடிக்கொண்டான்.

விண்ணப்பத்தில் அறுபத்துநாலு பக்கங்கள் இருந்தன. பக்கம் என்று சொல்லக் கூடாதாம், திரை என்று சொல்ல வேண்டுமாம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் தீபா நல்ல மாதிரி. பாட்டனார் பிறந்த ஊர் எது, வீட்டில் தறிக்குழி எத்தனை அடி ஆழம், விண்ணப்பதாரர் கடைசியாக எந்த நிறத்தைத் தெளிவாகப் பார்த்தார் என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பொறுமையாக அடித்தாள். கடைசி நிறம் என்ன என்ற கேள்விக்குப் பூங்காவனம் “அரக்கு” என்றாள். அது பட்டியலில் இல்லாததால் தீபா ‘பிற’ என்பதை அழுத்தினாள்.

அறுபத்திரண்டாம் திரையில் மின்கையெழுத்து. சின்னக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கட்டை விரலை வைக்க வேண்டும். பூங்காவனம் வைத்தாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், “விரலைச் சரியாக வைக்கவும்” என்றது. சரியாக வைத்தாள். திரும்பவும் அதையே சொன்னது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, பத்து விரல்களும் முடிந்து பதினோராவதாகத் திரும்பவும் கட்டை விரலுக்கு வந்தபோது, “முயற்சிகள் முடிந்தன. ஏழு நாள் கழித்து வரவும்” என்று சொல்லிவிட்டு அது அணைந்துபோனது. அவர்கள் வீட்டுக்குப் போனபோது சோறு அடிப்பிடித்திருந்தது.

இப்படி மூன்று ஏழு நாள்கள் போயின. மூன்றாவது தடவை, பெட்டி பத்தாவது முறையாக விரலைச் சரியாக வைக்கச் சொன்னபோது, பூங்காவனத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. அவள் யோசித்துச் செய்யவில்லை. எது வழுக்கினாலும் சாம்பலைத் தொடுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. டப்பாவைத் திறந்தாள், தொட்டாள், வைத்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. “நன்றி, பூங்காவனம்” என்றது குரல். தீபா கைதட்டினாள். லோகநாதன் எழுந்து வந்து, மையத்தின் முதல் மின்கையெழுத்து இதுதான் என்று அறிவித்துத் தன்னைத் தானே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்தது என்று நினைத்தவள் பூங்காவனம் மட்டும்தான். பத்து நாள் கழித்துச் ‘சரிபார்ப்பு’ என்று போன் வந்தது. சுத்தமான கையோடு வர வேண்டும் என்று சொன்னதால், அவள் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனாள். பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியது.

“நீங்க பூங்காவனம் இல்லம்மா” என்றார் லோகநாதன்.

“பின்ன நான் யாருங்க?”

“அத சிஸ்டம் சொல்லாது. நீங்க யாரு இல்லன்றத மட்டும்தான் அது சொல்லும்.”

காத்தவராயனுக்கு வந்ததே கோபம். “யோவ், இருபத்தெட்டு வருசமா நான் குடும்பம் நடத்திகினு இருக்கேன். எனக்குத் தெரியாதா இவ யாருன்னு? உன் டப்பா சொல்லுதா?”

“கோவப்படாதீங்க. உங்களுக்குத் தெரியுதுன்றதுக்கு டேட்டா இல்ல” என்று லோகநாதன் சாந்தமாகச் சொன்னார்.

பூங்காவனம் சாம்பல் விஷயத்தை எடுத்துச் சொன்னாள். லோகநாதன் அதை ஆழ்ந்து கேட்டு, மேலிடத்துக்கு ஒரு மின்கடிதம் அனுப்பினார். மேலிடம் பன்னிரண்டு நாள் யோசித்து ஓர் ஆணை அனுப்பியது. விண்ணப்பதாரர் பதிவின்போது எந்தச் சாம்பலைப் பயன்படுத்தினாரோ, சரிபார்ப்பின்போதும் அதே சாம்பலைப் பயன்படுத்த வேண்டும். அதே வகைச் சாம்பல் அல்ல, அதே சாம்பல்.

அந்தச் சாம்பல் இரண்டு பாவுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. பூங்காவனத்தின் வீட்டில் கேஸ் அடுப்பு. தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் கெங்கம்மாளின் விறகடுப்பிலிருந்துதான் அவள் சாம்பல் வாங்கிக்கொள்வாள். கெங்கம்மாளை மையத்துக்கு வரவழைத்து லோகநாதன் விசாரித்தார். அன்றைக்கு அடுப்பில் எரிந்தது சவுக்கா வேலிக்காத்தானா, எத்தனை ஈடு இட்லி வெந்தது, சாம்பலை அள்ளியது முறத்திலா தகரத்திலா என்று முப்பத்தாறு கேள்விகள். கெங்கம்மாள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“ஏன்யா, அந்தப் பொம்பளைக்குக் கண்ணு போய்கினு கீது. நீ இன்னா அடுப்ப நோண்டிகினு இருக்க?”

இந்தப் பதிலுக்கு உரிய கட்டம் திரையில் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதற்குள் எட்டு வாரம் ஆகியிருந்தது. பூங்காவனத்துக்கு வலது பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. காத்தவராயன் ரோட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். வேலு என்கிற தறிக்காரருக்கு அவள் பிணைத்துக் கொடுத்த பாவில் இரண்டு இழைகள் மாறிப்போய், புடவை நெடுகிலும் ஒரு கோடு விழுந்தது. முப்பது வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. வேலு அடுத்த பாவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். அன்றைக்குப் பூங்காவனம் சாம்பல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் எந்தத் திரையிலும் யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியும், எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

மேலிடம் ஒரு மாற்று வழியைக் கண்டுபிடித்தது. மின்கையெழுத்தில் சந்தேகம் வந்தால், விண்ணப்பம் முழுவதையும் வெளியே பிரிண்ட் எடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பலாம். மையம் காகிதமில்லாதது என்பதால் உள்ளே பிரிண்டர் கிடையாது. அதனால் மையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரே வரிசையில் நாலு ஜெராக்ஸ் கடைகள் வந்திருந்தன. ‘காகிதமில்லா மையத்துக்குத் தேவையான அனைத்துக் காகிதங்களும் இங்கே’ என்று ஒரு கடையில் போர்டே வைத்திருந்தார்கள். பூங்காவனம் அறுபத்துநாலு தாள்களிலும் கையெழுத்துப் போட்டாள். கோடு எங்கே இருக்கிறது என்று காத்தவராயன் அவள் விரலைப் பிடித்துக் காட்டினான்.

ஸ்கேன் செய்த பிறகு அந்தத் தாள்களை என்ன செய்வது? அவை இருக்கிறவரைக்கும் மையம் காகிதமில்லா மையம் ஆகாதே. எனவே அலுவலர் முன்னிலையில் அவற்றை எரிக்க வேண்டும் என்று விதி. மையத்தின் கொல்லையில் ஒரு தார் டிரம் இருந்தது. லோகநாதன் குடை பிடித்துக்கொண்டு நிற்க, காத்தவராயன் தாள்களை ஒவ்வொன்றாக டிரம்மில் போட்டான். எரிந்து முடிந்ததும் லோகநாதன் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

“அம்மா! சாம்பல்!”

“ஆமாங்க, சாம்பல்தான்.”

“இது அரசாங்கச் சாம்பல்மா! இட்லிக் கடைச் சாம்பல் மாதிரி நாளுக்கு ஒரு தினுசா மாறாது. ஒரே ஃபாரம், ஒரே பேப்பர், ஒரே டிரம்மு. இதுல பதிவு பண்ணி, இதுலயே சரி பாத்துட்டா? ஒரு மனு தானே எரிஞ்சு தானே தன்னக் காப்பாத்திக்குது பாருங்க. ஒலகத்துல எந்த ஆபீசுலயும் இப்பிடி ஒரு திட்டம் கெடையாது.” அவர் கண்கள் கலங்கியிருந்தன. புகையாகவும் இருக்கலாம்.

தன் மனுவின் சாம்பலைத் தொட்டுப் பூங்காவனம் புதிதாகக் கைரேகை வைத்தாள். மறுபடி தொட்டு மறுபடி வைத்தாள். இரண்டு தரமும் பச்சை விளக்கு. மறுநாளே சுவரில் நாற்பத்திரண்டாவது காகிதம் ஏறியது. இனி எல்லா விண்ணப்பதாரர்களும் தங்கள் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, எரித்து, அந்தச் சாம்பலோடு வர வேண்டும். கொசப்பாளையமும் ஆரணிச் சைதாப்பேட்டையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. சாயம் போடுகிறவர்கள் கையில் நீலமும் சிவப்புமாக இருந்ததால் அவர்களுக்குத் தனி வரிசை.

அறுபத்துமூன்றாம் திரை சும்மா நன்றி சொல்லுகிற திரை. கடைசித் திரைதான் பாக்கி. ‘நீங்கள் இயந்திரம் அல்ல, மனிதர்தான் என்று நிரூபிக்கவும்’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு சின்னப் படம், அதற்குள் கோணல்மாணலாக ஆறு எழுத்துகள். அவற்றைப் படித்து அப்படியே அடிக்க வேண்டும்.

“எனக்கு அங்க ஒரு வெள்ளைத் துணி காயற மாதிரி தெரியுது” என்றாள் பூங்காவனம்.

“சார், இவங்களுக்குக் கண்ணுலதான சார் பிரச்சன. நான் படிச்சுச் சொல்லிடறேன்” என்றாள் தீபா.

லோகநாதன் மேலே இருந்த கேமராவைக் காட்டினார். “நீ படிச்சின்னா நீ மனுஷின்னு ஆவும். அவங்க மனுஷின்னு எப்பிடி ஆவும்? விதியில தெளிவா இருக்குது. விண்ணப்பதாரர் சொந்தக் கண்ணால.”

அவர் டீ குடிக்க வெளியே போனார். தீபா கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். துணியால் கீபோர்டைத் துடைக்கிற மாதிரி குனிந்து, பூங்காவனத்தின் விரலைப் பிடித்து ஆறு இடங்களில் அழுத்தினாள். ‘படத்திலுள்ள எழுத்துகளை என் சொந்தக் கண்களால் தெளிவாகப் படித்தேன் என உறுதி கூறுகிறேன்’ என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே சாம்பல் விரலை வைத்ததும் மனு போய்ச் சேர்ந்தது.

எட்டாம் நாள் முடிவு வந்தது. செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகிற மகள் துர்கா ஷிப்டு முடிந்து வந்து போனைப் பார்த்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ‘விண்ணப்பதாரர் சிறிய எழுத்துகளைப் பிறர் உதவியின்றித் தெளிவாகப் படித்திருப்பதால், பார்வைக் குறைபாடு இல்லை என முடிவு செய்யப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தங்கள் நல்ல பார்வைக்கு வாழ்த்துகள்.’

மறுநாள் காலை மையம் திறக்கும் முன்பே பூங்காவனமும் காத்தவராயனும் வாசலில் நின்றார்கள்.

“இத எந்த மனுசன் முடிவு பண்ணான், அவன எனக்குக் காட்டு” என்றான் காத்தவராயன்.

“மனுஷன் யாருமே பாக்கலங்க. அதான் இதோட பெருமையே” என்றார் லோகநாதன். “மனுஷன் பாத்தா எரக்கப்படுவான். எரக்கப்பட்டா பாரபட்சம் வந்துடும். சிஸ்டம் யாரப் பாத்தும் எரக்கப்படாது. உங்களுக்குத் திருப்தி இல்லன்னா மேல்முறையீடு பண்ணலாம், வசதி கீது. கடைசில அதே மாதிரி ஒரு படம் வரும்.”

“படத்தப் படிச்சா?” என்று கேட்டாள் பூங்காவனம்.

“படிச்சா, கண்ணு நல்லாத் தெரியுதுன்னு ஆயிடும்.”

“படிக்கலன்னா?”

“படிக்கலன்னா மனு போவாதும்மா.”

“அப்ப கண்ணு தெரியாதவ எப்பிடிங்க மனு போடறது?”

“நல்ல கேள்வி. கருத்துப் பெட்டின்னு ஒரு எடம் கீது, அதுல போடுங்க. அங்கயும் ஒரு படம் வரும்.”

பூங்காவனம் யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். “நீ சோறுதான தின்ற? மூணு மாசமா என்ன அலைய வெச்சிகினு கீற. மொதல்ல நான் நான் இல்லன்ன. அப்பறம் மனுசி இல்லன்ன. இப்ப குருடி இல்லன்ற. என் கண்ண எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு தரம் எந்திரிச்சு வந்து என் கண்ணப் பாரேன்யா! பாத்தியா ஒரு தரமாவது?”

லோகநாதன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, “பேஜார் பண்ணாதீங்க, வரிசை நிக்குது” என்றார்.

அந்த வாரக் கடைசியில் தீபா போன் செய்தாள். மையத்துக்கு விழாவாம். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி இளஞ்செழியன் வருகிறாராம். “நூறு சதவீதம் தீர்வு கண்ட மையம்னு பாராட்டு விழாக்கா. மொதல் மின்கையெழுத்து போட்டவங்கன்னு உங்களுக்கு மேடைல சர்டிபிகேட் தர்றாங்களாம். வாங்கக்கா, தயவுசெஞ்சு வந்துடுங்க. அவர நேர்ல புடிக்க வேற வழியே இல்ல.”

கல்யாண மண்டபத்தில் விழா. நுழைகிற இடத்தில் அச்சடித்த அழைப்பிதழைக் காட்டினால்தான் உள்ளே விட்டார்கள். இளஞ்செழியன் பருமனான, சிரித்த முகமான மனிதர். சட்டைப் பையில் பச்சைப் பேனா. மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, இந்த மையத்துக்கு வந்த மனுக்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இன்று நிலுவையில் இருப்பது எத்தனை? பூஜ்யம்!” கைதட்டல். “இதில் ஏற்கப்பட்டவை பதினொன்று. மீதி ஆயிரத்து நானூற்று ஒன்றும் மிகக் குறைந்த நேரத்தில், மிகத் தெளிவாக, ஒரு தாள்கூடச் செலவில்லாமல் நிராகரிக்கப்பட்டன. முன்பெல்லாம் ஒரு ஏழைக்கு இல்லை என்று சொல்ல நமக்கு மூன்று வருஷம் பிடித்தது. அவன் நம்பிக்கையோடு காத்துக்கொண்டே இருப்பான். இன்று அந்த வேதனை இல்லை. எட்டே நாளில் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். இதுதான் மக்களுக்கான ஆட்சி!”

இன்னும் பலத்த கைதட்டல். தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆயிரத்து நானூற்று ஒன்றில் இருந்தவர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தட்டினார்கள், இவர்களும் தட்டினார்கள், அவ்வளவுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

பூங்காவனத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். காத்தவராயன் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டான். இளஞ்செழியன் தடித்த வழவழப்பான ஒரு சான்றிதழை அவள் கையில் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவர் நின்றது அவளுடைய வலது பக்கம். அவளுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. முழுசாகத் திரும்பி, இடது கண்ணால் அவரைத் தேடிப் பிடித்தாள்.

“தீபா, ஒரு பேனா குடும்மா” என்றாள்.

தீபா மேடை ஓரத்திலிருந்து ஓடி வந்து கைப்பையிலிருந்த நீலப் பேனாவைக் கொடுத்தாள். பூங்காவனம் சான்றிதழைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து, எட்டாம் வகுப்பு வரை படித்த எழுத்தில், பெரிது பெரிதாக எழுதினாள். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு போயின. ‘ஐயா, என் வலது கண் போகிறது. விழித்துணையில் ஆபரேஷனுக்கு அனுமதி கொடுங்கள். இல்லை என்றால் என் மூஞ்சியைப் பார்த்து இல்லை என்று எழுதிக் கொடுங்கள். இரண்டில் ஒன்று இப்போதே வேண்டும். பூங்காவனம், கொசப்பாளையம்.’ எழுதி முடிக்கிறவரைக்கும் மண்டபம் முழுவதும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தது.

அவள் அதை இளஞ்செழியனிடம் நீட்டினாள்.

லோகநாதன் மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் அவர் அலறியது தெரு வரைக்கும் கேட்டது. “சார், வாங்காதீங்க சார்! பேப்பர் சார் அது! நூறு சதவீதம் போயிடும் சார்!”

ஆனால் இளஞ்செழியனுக்கு முப்பத்துநாலு வருஷ சர்வீஸ். ஒரு தாளை யாராவது நீட்டினால் இடது கை வாங்கும், வலது கை பேனாவை எடுக்கும். இடையில் மூளைக்கு வேலை கிடையாது. அவர் இடது கை வாங்கியது. வலது கை சட்டைப் பைக்குப் போனது. தாளின் ஓரத்தில் ‘அனுமதிக்கப்படுகிறது. உடன் ஆவன செய்க’ என்று பச்சையில் சாய்வாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். அவர் அதைப் படித்தாரா என்றால், இல்லை. போட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

“அம்மா, அத எங்கிட்ட குடுங்க” என்று லோகநாதன் பாய்ந்து வந்தார். “ஸ்கேன் பண்ணி, முறைப்படி எரிச்சு...”

“கிட்ட வந்தின்னா மரியாத கெட்டுடும்” என்றாள் பூங்காவனம். தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள். காத்தவராயன் முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தான். விழாவில் போட்ட கேசரியைக்கூடச் சாப்பிடாமல் நேராகப் போய் வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் யாரும் விரலை வைக்கச் சொல்லவில்லை. கவுன்ட்டரில் இருந்த ஆள் பச்சை மையைப் பார்த்ததும் எழுந்து நின்று, மறு கேள்வி கேட்காமல் உள்ளே அனுப்பினார். டாக்டர் மதிவதனி சின்ன வயசுக்காரி. பூங்காவனத்தின் தாடையை ஒரு கருவியில் பொருத்தி, வலது கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தாள். அந்த மூன்று மாசத்தில் அந்தக் கண்ணை ஒருத்தர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு இடது கண்ணைப் பார்த்தாள். திரும்பவும் வலது கண்ணைப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இடது கண்ணுக்கு நாளைக்கே பண்ணிடலாம்மா. நல்லா வந்துடும், பயப்படாதீங்க. வலது கண்ணுதான்... நரம்பு பூராப் போயிடுச்சு. இனிமே எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

காத்தவராயன் பூங்காவனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மா” என்றாள் மதிவதனி. அவளுக்கும் கோபம் வந்திருந்தது. யார்மேல் என்று தெரியாமல் எதிரில் இருந்தவள்மேல் வந்தது. “மூணு மாசத்துல பண்ணணும்னு அங்க டாக்டர் சீட்டுலயே எழுதியிருக்காரு இல்ல? இவ்ளோ நாளா அப்பிடி இன்னாம்மா பண்ணிகினு இருந்தீங்க?”

பூங்காவனம் தலையைத் திருப்பி, இருக்கிற கண்ணால் டாக்டரைப் பார்த்தாள்.

“கையெழுத்து போட்டுகினு இருந்தேன்” என்றாள்.